வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் கில்டு தொடங்குவதும் ஆள் சேர்ப்பதும்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் ஒரு கில்டை, அதாவது சேர்ந்து ஆடும் நிலையான குழுவை, பதிவு செய்வது எளிது. ஸ்டார்ம்விண்ட், ஆர்கிரிமார் போன்ற தலைநகரங்களில் நிற்கும் கில்டு பதிவாளரிடம் 10 வெள்ளிக் காசுக்குச் சாசனம் ஒன்றை வாங்கி, 24 எழுத்துக்கு மிகாத பெயரை இட்டு, வேறு கில்டில் சேராத ஆட்களின் கையொப்பம் பெற்றுத் திருப்பிக் கொடுத்தால் போதும். 2004-இல் வெளிவந்த மூல வடிவத்தை ஒட்டி நடக்கும் கிளாசிக் சர்வர்களில் தலைவரைத் தவிர 9 கையொப்பங்கள் வேண்டும். இன்றைய பதிப்பில் 4 போதும். நகரின் நடுவே நின்று ஆளுக்குக் கொஞ்சம் தங்கம் கொடுத்துக் கையொப்பம் வாங்குவோரும் உண்டு. அப்படிக் கையொப்பம் இட்டவர்கள் தங்கத்தை வாங்கிக்கொண்டு அன்றே விலகிவிடுவார்கள். கில்டின் பெயர் மட்டும் மிஞ்சும். பதினைந்து, இருபது பேர் வாரந்தோறும் தவறாமல் கூடி ஒரு பாஸை (வலிமை மிக்க பெரிய எதிரியை) வீழ்த்தும் கில்டை உருவாக்குவது முற்றிலும் வேறு வேலை. அந்த வேலையைத்தான் இங்கே சொல்கிறேன். பிற ஆன்லைன் விளையாட்டுகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும் என்றாலும், எண்களும் நடைமுறைகளும் வார்கிராஃப்டைச் சேர்ந்தவை.

முதலில் நாளும் நேரமும்

பெயர், சின்னம், கில்டின் மேலாடையான டாபர்டின் நிறம் ஆகிய எல்லாவற்றுக்கும் முன்னால் முடிவு செய்ய வேண்டியது, எந்த நாட்களில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை ரெய்டு (பலர் சேர்ந்து பாஸ்களை எதிர்கொள்ளும் கூட்டுத் தாக்குதல்) நடக்கும் என்பதுதான். புதிய தலைவர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: ஆட்களைச் சேர்த்துவிட்டுப் பிறகு, "எல்லோருக்கும் எந்த நாள் வசதி?" என்று கேட்கிறார்கள். பதினைந்து பேரிடம் அப்படிக் கேட்டால் அனைவருக்கும் ஒத்துவரும் நாள் கிடைக்கவே கிடைக்காது. பாதிப் பேருக்குப் பிடிக்காத ஒரு நாளை அரைமனத்தோடு ஒப்புக்கொண்டு, மூன்றாவது வாரத்தில் ஆள் குறையத் தொடங்கும். நேரத்தைத் தலைவரே அறிவித்து, அந்த நேரம் ஒத்துவருபவர்களை மட்டும் சேர்க்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் என்பது வேலைக்குச் செல்பவர்களும் பிள்ளை குட்டி உள்ளவர்களும் தாங்கக்கூடிய அளவு. முதல் கில்டு தொடங்குபவர்கள் அதற்கு மேல் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இந்தியாவிலிருந்து ஆடுபவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. ஐரோப்பிய கில்டுகள் மத்திய ஐரோப்பிய நேரப்படி இரவு 8 மணிக்கு ரெய்டு தொடங்கினால் குளிர்காலத்தில் நமக்கு நள்ளிரவு 12.30, கோடையில் 11.30. ஓசியானிக் சர்வர்களில் சிட்னி நேரம் இரவு 8 என்பது நமக்குப் பிற்பகல் 3.30, அங்கே கோடைக்காலக் கடிகாரம் நடப்பில் உள்ள மாதங்களில் 2.30. ஆகவே சென்னையில் இருப்பவரும் சிங்கப்பூரில் இருப்பவரும் சேர்ந்து கில்டு நடத்த எண்ணினால், சிங்கப்பூர் நேரம் இரவு 9, அதாவது நமக்கு மாலை 6.30, வார இறுதியில் இருவருக்கும் பொருந்தும். டொராண்டோவில் உள்ள தமிழ் நண்பர்களையும் சேர்த்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது சனிக்கிழமைக் காலை. இந்திய நேரம் காலை 7.30 என்பது அங்கே வெள்ளி இரவு 10, குளிர்காலத்தில் 9. இரு பக்கமும் மறுநாள் அலுவலகக் கவலை இல்லாத நேரம் அது. இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது, இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் கடிகாரத்தை மாற்றுவதில்லை என்பதுதான். ஐரோப்பாவில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு அன்று கடிகாரம் மாறும்போது, எந்த ஊர்க் கடிகாரப்படி கில்டு நடக்கிறது என்பதை முன்கூட்டியே எழுதி வைக்காத கில்டில், அந்த வாரம் பாதிப் பேர் ஒரு மணி நேரம் தவறி வருவார்கள். டிஸ்கார்ட் என்ற உரையாடல் செயலியில் நேரக் குறியீட்டைப் பயன்படுத்தி அறிவித்தால் அவரவர் ஊர் நேரத்திலேயே அது தெரியும். அந்த வசதியைக் கட்டாயம் பயன்படுத்துங்கள்.

வாராந்தர ரீசெட்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஒரு பாஸிடமிருந்து அந்த வாரத்துக்கான லூட்டை (அது வீழும்போது கிடைக்கும் பொருட்களை) பெற்றுவிட்டால், அதே கடினநிலையில் மறுபடியும் பெற ரீசெட் வரை காத்திருக்க வேண்டும். ரீசெட், அமெரிக்க மற்றும் ஓசியானிக் சர்வர்களில் இந்திய நேரப்படி செவ்வாய் இரவும், ஐரோப்பிய சர்வர்களில் புதன் காலையும் வருகிறது. முதல் ரெய்டு நாள் ரீசெட்டிலிருந்து மிகவும் தள்ளி இருந்தால், பொறுமை இல்லாத உறுப்பினர்கள் வெளியாட்களோடு, அன்றைக்கு மட்டும் கூடிக் கலையும் பக் குழுவில் போய் லூட்டை எடுத்துவிட்டு, கில்டு ரெய்டுக்கு ஆர்வம் இல்லாமல் வருவார்கள், அல்லது வரவே மாட்டார்கள். முதல் நாளைக் கூடியவரை ரீசெட்டை ஒட்டியே வையுங்கள்.

எத்தனை பேர், எந்தப் பொறுப்பில்

ஆட்களின் எண்ணிக்கையை விளையாட்டின் அமைப்புதான் தீர்மானிக்கிறது. ஆரம்பத்தில் மோல்டன் கோர் ரெய்டுக்கு 40 பேர் வரை போகலாம். 2007 ஜனவரியில் பர்னிங் க்ரூசேட் விரிவாக்கம் வந்தபோது, கராஸான் 10 பேருக்கும் அடுத்த நிலைப் பெரிய ரெய்டுகள் 25 பேருக்கும் என்று மாறின. நாற்பது பேரை வைத்து நடந்த கில்டுகள் திடீரென்று பத்துப் பத்தாகப் பிரிய வேண்டியதாயிற்று. யார் முதல் அணி, யார் இரண்டாம் அணி என்ற பூசலில் பல கில்டுகள் அப்போது உடைந்தன. இன்றைய பதிப்பில் நார்மல், ஹீரோயிக் என்ற கடினநிலைகளில் ரெய்டுகளுக்கு 10 முதல் 30 பேர் வரை எத்தனை பேரும் போகலாம்; பாஸின் வலிமை ஆட்களுக்கு ஏற்பக் கூடிக் குறையும். மிகக் கடினமான மித்திக் நிலை மட்டும் 2014 முதல் சரியாக 20 பேர் என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. பத்தொன்பது பேர் வந்து ஒருவர் வராவிட்டால், வந்தவர்கள் குறையோடுதான் மோத வேண்டும். ஆகவே அன்றைய மாலை வீணாகும் வாய்ப்பே அதிகம்.

எனவே புதிய கில்டு ஹீரோயிக்கை இலக்காக வைப்பதே நல்லது. இரண்டு டேங்க் (எதிரியின் அடியைத் தாங்குபவர்), மூன்று ஹீலர் (குணப்படுத்துபவர்), ஒன்பது டிபிஎஸ் (தாக்குபவர்) என்று 14 பேர் வந்தால் ரெய்டு நன்றாக நடக்கும். அந்த 14 பேர் நிச்சயமாக வர வேண்டுமானால் பட்டியலில் 17 பேராவது இருக்க வேண்டும், ஏனெனில் காய்ச்சல், ஊர்த் திருவிழா, இரவுப் பணி, மின்வெட்டு என்று எந்த வாரத்திலும் இரண்டு மூன்று பேர் விடுபடத்தான் செய்வார்கள். மித்திக் போகும் கில்டுக்கு வழக்கமான பகிர்வு 2 டேங்க், 4 ஹீலர், 14 டிபிஎஸ். பட்டியல் 24 அல்லது 25.

எந்த வகுப்பு (ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கும் பாத்திர வகை) குறைகிறது என்பதையும் தாளில் எழுதிப் பாருங்கள். மேஜ் தரும் ஆர்கேன் இன்டலெக்ட், பிரீஸ்ட் தரும் ஃபார்ட்டிட்யூட், வாரியர் தரும் பேட்டில் ஷவுட் ஆகியவை குழு முழுவதற்கும் பலம் சேர்ப்பவை. நான்கு ஹன்டர்கள் இருக்கும்போது ஐந்தாவது ஹன்டரைச் சேர்த்துவிட்டு ஒரு பிரீஸ்ட் இல்லாமல் தவிக்கும் கில்டுகளை அடிக்கடி காண்கிறோம். டேங்க் வேலைக்கு விண்ணப்பங்கள் நிறைய வரும், ஆனால் இடம் இரண்டுதான். நல்ல ஹீலர் கிடைப்பது எப்போதும் அரிது. கிடைத்தவரை இழக்காமல் வைத்துக்கொள்வது அதைவிட அரிது.

வெளியே அறிவிக்கும் முன்

பொது அறிவிப்பு போடுவதற்கு முன் ஐந்து பேர் கொண்ட ஒரு கரு அமைய வேண்டும். ஐந்து என்று சொல்லக் காரணம், 2016-இல் லீஜியன் விரிவாக்கத்தோடு வந்த மித்திக் பிளஸ் டன்ஜன்கள் எனும் சிறு களங்களுக்குச் சரியாக அந்த அளவே வேண்டும்: ஒரு டேங்க், ஒரு ஹீலர், மூன்று டிபிஎஸ். இந்த ஐவரும் சில வாரங்கள் சேர்ந்து ஆடினால், யாருக்குக் கோபம் சட்டென்று வரும், யார் தோல்விக்குப் பின்னும் அமைதியாகப் பேசுவார், யார் சொன்ன நேரத்துக்கு வருவார் என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். புதிதாக வருபவர் ஒருவர் டிஸ்கார்டில் நுழையும்போது அங்கே ஐந்து பேர் ஏற்கெனவே பேசிச் சிரித்துக்கொண்டிருந்தால் அவர் தங்குவார்; வெறுமையான அறைகள் இருபது இருந்தால் ஓசையில்லாமல் வெளியேறிவிடுவார். ஆகவே டிஸ்கார்டில் அறிவிப்பு, பொதுப் பேச்சு, ரெய்டு ஏற்பாடு, ஒரு குரல் அறை ஆகிய நான்கோடு தொடங்குங்கள்.

பொறுப்புகளையும் இப்போதே பிரித்துக்கொள்ள வேண்டும். ரெய்டை வழிநடத்துபவரும் ஆள் சேர்ப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. ரெய்டு நடத்துபவர் அன்றைய மாலை முழுவதும் உத்தியைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டு அமர்ந்திருப்பார். அதன் பிறகு விண்ணப்பதாரர் ஒருவரிடம் பொறுமையாகப் பேசும்படி அவரைக் கேட்பது நியாயம் இல்லை. கில்டு தலைவர், ரெய்டு தலைவர், ஆள் சேர்ப்பு, லூட் கணக்கு என நால்வர் போதும். பதவி கேட்டு வருபவருக்கு எல்லாம் ஆபீசர் பட்டம் கொடுத்தால், ஒரே மாதத்தில் உத்தரவிடுபவர்கள் எட்டாகவும் ஆடுபவர்கள் ஆறாகவும் ஆகிவிடுவார்கள்.

லூட் விதி

கில்டு பிளப்பதற்கு நான் கண்ட முதல் காரணம் லூட். முதல் பாஸ் விழுவதற்கு முன்பே விதி எழுத்தில் இருக்க வேண்டும். 1999-இல் தொடங்கிய எவர்குவெஸ்ட் விளையாட்டின் கில்டுகள் உருவாக்கிய டிகேபி முறை இன்றும் கிளாசிக் சர்வர்களில் நடக்கிறது: ரெய்டுக்கு வந்தால் புள்ளி சேரும், பொருள் வாங்கினால் புள்ளி கழியும். நெடுநாள் உழைத்தவருக்கு அது நியாயம் செய்கிறது, ஆனால் புதிதாகச் சேருபவர் பல வாரங்கள் வெறுங்கையோடு நிற்க வேண்டும். ஆள் சேர்க்க வேண்டிய நிலையில் உள்ள கில்டுக்கு அது பெரும் தடை. லூட் கவுன்சில் முறையில் மூன்று நான்கு பேர் கூடி, பொருள் யாரிடம் போனால் குழுவுக்கு அதிகப் பயன் என்று முடிவெடுப்பார்கள். அந்தக் கவுன்சிலில் இருப்பவர்களுக்கே நல்ல பொருட்கள் போய்ச் சேருவது போன்ற தோற்றம் ஒருமுறை வந்துவிட்டால் நம்பிக்கையை மீட்பது கடினம். சாஃப்ட் ரிசர்வ் முறையில் ஒவ்வொருவரும் ரெய்டுக்கு முன் தமக்கு வேண்டிய ஒன்று அல்லது இரண்டு பொருட்களைக் குறித்துவைத்து, அது விழும்போது குறித்தவர்கள் மட்டும் ரோல் செய்வார்கள் (பகடை உருட்டுவது போல எண் எடுப்பார்கள்). முதல் சில மாதங்களுக்குப் புதிய கில்டுக்கு இதுவே மிகப் பொருத்தம் என்பேன்; விளக்க இரண்டு நிமிடம் போதும், யாருக்கும் ஐயம் எழாது.

விளையாட்டே அமைப்பை மாற்றுவதும் உண்டு. தலைவர் கையில் பொருளைக் கொடுக்கும் மாஸ்டர் லூட் வசதி இன்றைய பதிப்பிலிருந்து 2018-இல் நீக்கப்பட்டது. 2022-இல் டிராகன்ஃப்ளைட் விரிவாக்கத்தோடு ரெய்டுகளில் குழு ரோல் முறை திரும்ப வந்தது. ஆகவே ரோலில் வென்றவர் கில்டின் முடிவுப்படி பொருளை மற்றொருவருக்குக் கைமாற்ற வேண்டியிருக்கும் நிலை உண்டு. அதற்கு அவர் சம்மதிக்கிறாரா என்பதைச் சேரும் நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆள் தேடுவது

இப்போதுதான் அறிவிப்பு எழுத வேண்டும். "நட்பான கில்டு, எல்லா வகுப்பும் வரலாம், ரெய்டு போகிறோம், சேர விரும்புவோர் தொடர்புகொள்ளவும்" என்ற அறிவிப்பு எங்கும் கண்ணில் படுகிறது. அதைப் படிப்பவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. எல்லாக் கில்டும் தன்னை நட்பானது என்றுதான் சொல்கிறது. அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்:

"ஓசியானிக் சர்வர். சனி, ஞாயிறு இந்திய நேரம் மாலை 6.30 முதல் 9.30 வரை ரெய்டு. நார்மல் முடித்துவிட்டோம், ஹீரோயிக்கில் எட்டில் மூன்று பாஸ்கள் வீழ்ந்திருக்கின்றன. இப்போது 11 பேர் இருக்கிறோம். ஒரு ஹீலர் (பிரீஸ்ட் எனில் மகிழ்ச்சி), இரண்டு தூரத் தாக்குதல் டிபிஎஸ் தேவை. லூட்: சாஃப்ட் ரிசர்வ். குரல் அறையில் கேட்பது கட்டாயம், பேசுவது விருப்பம். தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுவோம். மித்திக் போகும் எண்ணம் இந்தப் பருவத்தில் இல்லை."

கடைசி வாக்கியம் முக்கியமானது. எதைச் செய்யப் போவதில்லை என்று வெளிப்படையாகச் சொன்னால், மித்திக் கனவோடு வந்து ஆறு வாரம் கழித்துக் கசப்போடு போகக்கூடிய ஒருவரை முதலிலேயே தவிர்த்துவிடலாம். எட்டில் மூன்று என்ற உண்மை எண்ணை மறைக்கவும் வேண்டாம். அதே நிலையில் இருக்கும் ஆட்டக்காரருக்கு அதுவே அழைப்பாக அமையும்.

இந்த அறிவிப்பை விளையாட்டுக்குள் இருக்கும் கில்டு ஃபைண்டரில் போடுங்கள். ரெய்டர் ஐஓ தளம், ரெட்டிட்டின் கில்டு தேடும் பகுதி, சர்வரின் பொது அரட்டையான டிரேட் சாட் ஆகியவற்றிலும் போடுங்கள். ஆனால் உண்மையில் நல்ல ஆட்கள் அறிவிப்பைப் பார்த்து வருவது குறைவு. அவர்கள் பக் குழுக்களில் இருக்கிறார்கள். மூன்று பேர் குறைகிற உங்கள் ரெய்டுக்கு வெளியாட்கள் மூவரை அழைக்கிறீர்கள் என்றால், அந்த மூவரும் உங்களுக்குத் தெரியாமலே தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நீங்களும் அவர்களிடம் தேர்வு எழுதுகிறீர்கள். ரெய்டு முடிந்ததும் அவர்களில் ஒருவருக்குத் தனிச் செய்தி அனுப்பும்போது, பார்த்ததைக் குறிப்பிட்டு எழுத வேண்டும்: "வணக்கம். மூன்றாவது முயற்சியில் எங்கள் ஹீலர் விழுந்ததும் நீங்கள் உங்கள் டிபிஎஸ்ஸை விட்டுவிட்டு டேங்கைக் காப்பாற்றியதைப் பார்த்தோம். அதனால்தான் அந்த பாஸ் விழுந்தது. அடுத்த சனிக்கிழமையும் இதே நேரத்துக்கு வர முடியுமா? கில்டில் சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை." இப்படி ஒரு செய்தி பெற்றவர் பெரும்பாலும் திரும்ப வருவார். முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் கில்டு அழைப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும் ஆட்-ஆன் எனும் துணைநிரல்களைப் பயன்படுத்தினால் இருநூறு பேர் சேருவார்கள். ரெய்டு நாளில் அவர்களில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்த்தால் அந்த வழியின் பயன் விளங்கும்.

விண்ணப்பித்தவருடன் பதினைந்து நிமிடமாவது குரலில் பேசுங்கள். வயது, ஊர், வேலை என்று தனிப்பட்ட விவரங்களைத் துருவ வேண்டாம். குறிப்பாகப் பெண் ஆட்டக்காரர்களைக் குரல் கொடுக்கச் சொல்லியோ படம் கேட்டோ தொல்லை செய்பவர் ஒருவர் இருந்தாலும், அவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், அன்றே வெளியேற்ற வேண்டும். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: சென்ற கில்டை ஏன் விட்டீர்கள்? ரெய்டு நாட்களில் உங்கள் வீட்டில் அந்த மூன்று மணி நேரம் கிடைக்குமா? ஒரே பாஸிடம் முப்பது முறை தோற்றால் உங்கள் மனநிலை எப்படி இருக்கும்? முதல் கேள்விக்குப் பழைய தோழர்கள் எல்லோரையும் திட்டித் தீர்ப்பவர், ஆறு மாதத்தில் உங்களையும் அப்படியே பேசுவார்.

திறமையைப் பார்க்க வார்கிராஃப்ட் லாக்ஸ் தளம் இருக்கிறது. அங்கே ஒவ்வொருவரின் ஆட்டமும் கீழிருந்து மேலாகச் சாம்பல், பச்சை, நீலம், ஊதா, ஆரஞ்சு என நிறத்தோடு மதிப்பிடப்பட்டிருக்கும். அந்த நிறத்தை மட்டும் பார்த்து ஆளை எடுப்பது பெரும் பிழை. ஆரஞ்சு மதிப்பெண் வாங்கியவர், தரையில் விழும் தீயிலிருந்து விலகாமல் நின்று அடித்துக்கொண்டே இருந்ததால் அதைப் பெற்றிருக்கலாம். அவரை உயிரோடு வைத்திருக்கப் பாடுபட்டது ஹீலர்தான். அதே பதிவில் மரணங்கள் பகுதியைத் திறந்து, தோற்ற முயற்சிகளில் அவர் எத்தனையாவது ஆளாக விழுகிறார் என்று பாருங்கள். தவிர்க்கக்கூடிய அடியில் அடிக்கடி முதலாவதாக விழுபவரை விட, பச்சை மதிப்பெண்ணோடு கடைசி வரை நிற்பவர் மேல். எதிரியின் மந்திரத்தை இடைமறித்த எண்ணிக்கையையும், போஷன் (பலம் தரும் மருந்து) பயன்படுத்தினாரா என்பதையும் பாருங்கள். கியர் (கவசமும் ஆயுதமும்) வாரங்களில் தேறிவிடும். கவனிக்கும் பழக்கம் அப்படித் தேறாது.

சேர்த்தவரை மூன்று வாரம் டிரயலில் (சோதனைக் காலத்தில்) வைத்து, அது முடியும் தேதியை முதல் நாளிலேயே சொல்லுங்கள். அந்தத் தேதியில் ஆம் அல்லது இல்லை என்ற பதில் கட்டாயம் போக வேண்டும். பதில் சொல்லாமல் இரண்டு மாதம் டிரயலிலேயே வைத்திருப்பது ஒருவரை அவமதிப்பதாகும். நடுவில் ஒருமுறை தனியாக அழைத்து, எது நன்றாக இருக்கிறது, எதைத் திருத்த வேண்டும் என்று சொல்லுங்கள். எல்லோர் முன்னிலையிலும் குரல் அறையில் குறை சொல்வதை ரெய்டு தலைவர் அறவே தவிர்க்க வேண்டும்.

வங்கியும் அதிகாரமும்

கில்டு வங்கி 2007 நவம்பரில் விளையாட்டுக்குள் வந்தது. ஒவ்வொரு பதவிக்கும் ஒரு நாளைக்கு எவ்வளவு எடுக்கலாம் என்ற வரம்பை அதில் நிர்ணயிக்கலாம். யார் எதை எடுத்தார் என்ற பதிவும் இருக்கும். பத்துப் பதவிகள் வரை அமைக்க முடியும் என்றாலும் தலைவர், ஆபீசர், ரெய்டர், டிரயல், நண்பர் என ஐந்து போதும். நீக்கும் அதிகாரத்தையும் வங்கியைத் திறக்கும் அதிகாரத்தையும் இரண்டு மூன்று பேருக்கு மேல் கொடுக்க வேண்டாம். ஈவ் ஆன்லைன் விளையாட்டில் 2009 பிப்ரவரியில், பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் என்ற மிகப் பெரிய கூட்டணியின் இயக்குநர் ஒருவர் எதிரணியான கூன்ஸ்வார்ம் பக்கம் சாய்ந்து, தமக்கு இருந்த அதிகாரத்தைக் கொண்டே அந்தக் கூட்டணியைக் கலைத்துவிட்டார். போரில் வீழ்த்த முடியாதிருந்த கூட்டணி ஓர் உள்ளாளின் கையால் அன்றே இல்லாமல் போயிற்று.

சேர்ந்தவர்களைத் தக்கவைப்பது

பட்டியலில் 17 பேர், அன்றைக்குத் தேவை 14 என்றால் மூவர் வெளியே உட்கார வேண்டியிருக்கலாம். ஹீரோயிக்கில் வந்தவர் அனைவரையும் அழைத்துச் செல்லலாம் என்பதால் இந்த வலி குறைவு. மித்திக் போகும் கில்டில் யார் உட்காருகிறார் என்பதை முந்தின நாளே அறிவித்து, முறை வைத்து மாற்றுங்கள். ரெய்டு தொடங்கும் நேரத்தில் குரல் அறைக்கு வந்த பிறகு "இன்று நீங்கள் வேண்டாம்" என்று கேட்பவர், தம் வீட்டாரிடம் அந்த மூன்று மணி நேரத்துக்காக அனுமதி வாங்கி வந்திருப்பார்.

ஆள் சேர்ப்பு ஒருநாளும் நிற்பதில்லை. பட்டியல் நிறைந்திருக்கும் மாதத்திலும் அறிவிப்பு இருக்க வேண்டும், ஏனெனில் புதிய ரெய்டு வெளியாகி இரண்டு மூன்று மாதங்களில், கடைசி பாஸும் விழுந்த பிறகு, ஆட்கள் ஓய்வெடுக்கத் தொடங்குவார்கள். தேர்வு மாதங்களிலும் வருட இறுதி விடுமுறையிலும் இது இன்னும் அதிகம். அந்தக் காலத்தில் வாரம் ஒரு நாளாகக் குறைத்து, அடுத்த ரெய்டு எந்த வாரத்தில் தொடங்கும் என்பதைத் தேதியோடு அறிவித்துவிட்டால், ஓய்வெடுக்கப் போனவர்கள் திரும்பி வர ஒரு நாள் குறித்திருக்கும். விலகிப் போகிறேன் என்று சொல்பவரிடம் வாதாட வேண்டாம். காரணத்தைக் கேட்டு, எழுதி வைத்து, நண்பர் பதவியில் தொடர்ந்து இருக்கச் சொல்லுங்கள். ஹீலர் குறையும் ஏதோ ஒரு சனிக்கிழமை மாலை 6.20-க்கு நீங்கள் செய்தி அனுப்ப முடிகிற முதல் ஆள் பெரும்பாலும் அவராகவே இருப்பார்.